பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி தேர்ந்தெடுக்க உதவுவது எப்படி?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் பெரும்பாலும் மே மாத முற்பகுதியில் வெளியாகின்றன. பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இணையப் பதிவு ஏறத்தாழ அதே நாட்களில் தொடங்கிவிடுகிறது. அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் எதைப் படிப்பது என்று முடிவு செய்ய வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கவும் வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. எந்த விண்ணப்பத்திற்குக் கடைசித் தேதி முதலில் வருகிறதோ அதுவே பிள்ளையின் படிப்பாகிவிடுகிறது. வகுப்பாசிரியர், கல்லூரி முடித்த அக்கா, விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவரிடம் வந்து "எதுல சேக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று பெற்றோர் நிற்கும்போது, அந்த ஒருவர் என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

உதவுபவர் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விதிமுறை, தேதி, சான்றிதழ், கட்டணம் ஆகியவற்றில் அவர் கறாராக இருக்கலாம்; படிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் மாணவரிடமே இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப்போவது அவர்தான்.

முடிவு வெளியாகும் முன்பே பேசுங்கள்

மதிப்பெண் வந்த பிறகு நடக்கும் பேச்சில் மதிப்பெண் மட்டுமே பேசும். ஆகவே தேர்வு முடிந்து முடிவு வராத ஏப்ரல் மாதமே இந்தப் பேச்சுக்குத் தகுந்த காலம். "என்ன ஆகப்போகிறாய்?" என்ற கேள்விக்குப் பதினேழு வயதுப் பிள்ளையிடம் நேர்மையான பதில் இருப்பது அரிது, யூடியூபில் கேட்டதையோ மாமா சொன்னதையோதான் அவர் திருப்பிச் சொல்வார். அதற்குப் பதிலாக, எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தாய், எந்தப் பாடத்திற்கு டியூஷன் போயும் ஒட்டவில்லை என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

அதைவிடப் பயனுள்ள ஒரு வழியும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மாணவர் விரும்புவதாகச் சொல்லும் பிரிவின் மூன்றாம், நான்காம் பருவப் பாடங்களை எடுத்து அவர் முன் வைத்து, தலைப்புகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கும் பிள்ளைகளில் பலருக்கு அதில் தனிநிலைக் கணிதமும் தரவுக் கட்டமைப்பும் இருப்பது அப்போதுதான் தெரியவருகிறது. சிவில் பிரிவு என்றால் நில அளவை, பொருள்களின் வலிமை, பாய்ம இயக்கவியல் ஆகியவை வரும். கணக்கைக் கண்டாலே ஓடுகிற மாணவர் அதே பிரிவைத்தான் வேண்டும் என்று சொன்னால் சொல்லட்டும். தெரிந்து சொல்கிறார் என்ற நிறைவு உங்களுக்கு இருக்கும். கலை அறிவியல் படிப்புகளுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பார்த்தால் போதும்.

பணத்தையும் இந்தக் கட்டத்திலேயே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பது முடியுமா, முடியாதென்றால் வீட்டிலிருந்து தினமும் எவ்வளவு தூரம் போய்வர இயலும் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பெற்றோரிடம் பதில் வாங்கிவிட்டால், நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் கொண்ட பட்டியல் ஐம்பதுக்குள் சுருங்கிவிடும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் "வெளியூர் அனுப்ப மாட்டோம்" என்ற பேச்சு ஜூலையில்தான் வெளியே வருகிறது. அதை ஏப்ரலிலேயே வெளியே கொண்டுவந்து, அரசு விடுதி, மகளிர் கல்லூரி, உறவினர் இருக்கும் ஊர் என்று மாற்று வழிகளைச் சொல்லிப் பேசிப் பார்க்க அவகாசம் வேண்டும்.

நுழைவுத் தேர்வுகளுக்கு மட்டும் ஏப்ரலும் தாமதம்தான். நீட், ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் ஆகியவற்றின் பதிவு பிளஸ் டூ முடிவுக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேரலாமே என்று மே மாதத்தில் யோசனை சொல்வது பிள்ளையின் ஏக்கத்தைக் கூட்டுவதோடு சரி. பள்ளி ஆசிரியர்கள் இதை டிசம்பர், ஜனவரியிலேயே வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது.

சான்றிதழ்களும் கைப்பேசி எண்ணும்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவை இ-சேவை வழியாக விண்ணப்பித்துப் பெற வேண்டியவை. மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவிவதால், தேர்வு முடிந்த வாரமே விண்ணப்பித்துவிடுவது நல்லது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெற்றிராத குடும்பத்திலிருந்து வரும் மாணவருக்கே முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும். அக்கா ஏற்கெனவே அதைப் பெற்றிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றிதழ் தேவைப்படாது. எல்லைப்புற மாவட்டங்களில் ஓரிரு ஆண்டுகள் ஆந்திரத்திலோ கேரளத்திலோ படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்படும் என்பதைப் பலர் கடைசி நாளில்தான் அறிகிறார்கள்.

பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பின்போது கேள்வி வரும்.

அடுத்தது கைப்பேசி எண். இணைய மையத்தில் விண்ணப்பிக்கும்போது, கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில், வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக மையத்தை நடத்துபவர் தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையுமே இட்டுவிடுவதுண்டு. விண்ணப்பம் பதிவாகிவிடும், ஆனால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு ஓடிபியும், சான்றிதழ் தெளிவாக இல்லை என்ற அறிவிப்பும், ஒதுக்கீட்டுச் செய்தியும் அவருடைய கைப்பேசிக்கே போகும். இரண்டு நாள் அவகாசத்தில் ஒதுக்கீட்டை உறுதி செய்ய வேண்டிய வேளையில் அவர் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தால் மாணவர் பாடு திண்டாட்டம்தான். எனவே குடும்பத்தில் ரீசார்ஜ் தவறாமல் செய்யப்படும் எண் ஒன்றையும், மாணவரே திறக்கத் தெரிந்த மின்னஞ்சல் ஒன்றையும் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இணைய மையத்திற்குப் பதிலாக மாவட்டந்தோறும் உள்ள கலந்தாய்வுச் சேவை மையங்களிலும் பதிவு செய்யலாம். அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பார்கள்.

கட் ஆஃப் கணக்கு

2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் கணிதத்தை 100-க்கும், இயற்பியல், வேதியியல் இரண்டையும் தலா 50-க்கும் சுருக்கி, 200-க்குக் கட் ஆஃப் கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 எடுத்தவருக்கு 92, 42, 39 சேர்ந்து 173. இருவர் ஒரே கட் ஆஃப் பெற்றால் கணித மதிப்பெண் முதலில் பார்க்கப்படும், பிறகு இயற்பியல். அப்படியே அடுத்தடுத்த அளவுகோல்களாகப் போய், எல்லாமே சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண் என்று எல்லோரும் சொல்லும் சமவாய்ப்பு எண் கணக்கில் வரும். அந்த எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்து வீட்டில் மகிழ்வதும் வருந்துவதும் தேவையில்லாதது.

முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் எந்தச் சமூகப் பிரிவுக்கு எந்தக் கட் ஆஃப் வரை இடம் போனது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே கிடைக்கிறது. அதைப் பார்க்கும்போது மதிப்பெண்ணோடு தரவரிசையையும் சேர்த்துப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக அமைந்து நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் பெருகிய ஆண்டில் 173 என்பது சென்ற ஆண்டின் 169 இருந்த இடத்தில்கூட நிற்கலாம். மதிப்பெண் வீங்கும், சுருங்கும், தரவரிசை அவ்வளவாக ஏமாற்றாது. ஒரே ஆண்டின் பட்டியலை நம்பாமல் இரண்டு மூன்று ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இடஒதுக்கீட்டில் 31 விழுக்காடு பொதுப்பிரிவு. மீதியில் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, அருந்ததியருக்கான 3 உள்ளிட்டு ஆதிதிராவிடர் 18, பழங்குடியினர் 1. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் 2021 முதல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வேறெதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கக் கூடாது.

விருப்பப் பட்டியலை எழுதுவது

முழுக் கலந்தாய்விலும் அதிகக் கவனம் தேவைப்படுவதும் அதிகத் தவறுகள் நேர்வதும் இங்கேதான். சுற்று தொடங்கியதும் மாணவர் தாம் விரும்பும் கல்லூரியையும் பிரிவையும் வரிசையாகப் பதிவு செய்ய மூன்று நாள் போல அவகாசம் தருகிறார்கள். கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, இடம் காலியாக உள்ள முதல் வரியை அவருக்கு ஒதுக்குகிறது. அது செய்வது அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். கிடைக்காது என்று தோன்றும் இடத்தை மேலே எழுதுவதால் எந்த நட்டமும் இல்லை. முதல் வரியில் கிண்டி பொறியியல் கல்லூரியை எழுதிய காரணத்திற்காக நாற்பதாவது வரியில் இருக்கும் கல்லூரி கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் விரும்பாத ஓர் இடத்தை மேலே எழுதினால் அது கிடைத்தே தீரும் ஆபத்து உண்டு. மேலே சொன்ன 173 வாங்கிய மாணவர், தன் ஊருக்கு அருகில் உள்ள அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "பேர் பெத்த காலேஜ் எல்லாத்தையும் மேல போடு" என்று சித்தப்பா சொல்ல, சென்னைக் கல்லூரிகளில் அவருக்கு ஆர்வமே இல்லாத பத்துப் பிரிவுகள் முதல் பத்து வரிகளில் ஏறுகின்றன, மெக்கானிக்கல் பதினொன்றாவதாகிறது. எட்டாவது வரியில் இருந்த ஏதோ ஒரு பிரிவு காலியாக இருந்தால் கணினி அங்கேயே நின்றுவிடும். அருகில் காலியாகக் கிடந்த மெக்கானிக்கல் இடத்தை அது எட்டிக்கூடப் பார்க்காது. ஆகவே ஒவ்வோர் இரண்டு வரிகளுக்கும் மாணவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இரண்டுமே கிடைக்கும் என்றால் எதில் சேருவாய்? அவர் சொல்லும் பதிலே வரிசை. கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையைக் கணினியிடம் விட்டுவிடலாம்.

எத்தனை வரி எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. மேலே கனவுகள் இருக்கலாம். நடுப்பகுதியில் தரவரிசைக்குப் பொருந்துபவை நிறைய இருக்க வேண்டும். கீழே சென்ற ஆண்டுகளில் இன்னும் தாழ்ந்த தரவரிசைக்கும் கிடைத்தவை சில இருக்க வேண்டும். கீழே எழுதும் இடமும் போய்ச் சேரத் தயாராக உள்ள இடமாகவே இருக்கட்டும்.

கல்லூரிகளைப் பெயரால் தேடாமல் குறியீட்டு எண்ணால் சரிபாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியின் எண் 1, குரோம்பேட்டை எம்ஐடி 4, கோவை பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 2006. அதே பிஎஸ்ஜி அறக்கட்டளைக்கு நீலம்பூரில் வேறு எண்ணில் இன்னொரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட கல்லூரிகள் மாநிலம் முழுவதும் ஏராளம். ஒரே கல்லூரிக்குள்ளும் அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கலாம். இரண்டிற்கும் கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. பட்டியலை முதலில் நோட்டில் எண்ணோடு எழுதி, மாணவரும் பெற்றோரும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே கணினியில் ஏற்றுவது நல்லது.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுச் சேருகிறேன்; ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பட்டியலில் மேலே உள்ளவற்றுக்கும் காத்திருக்கிறேன்; இது வேண்டாம், மேலே உள்ளவற்றுக்கு மட்டும் காத்திருக்கிறேன்; அடுத்த சுற்றுக்குப் போகிறேன்; விலகுகிறேன் என்று ஐந்து வாய்ப்புகள் திரையில் நிற்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவர் குறித்த நாளுக்குள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும்; கட்டாவிட்டால் இடம் போய்விடும். மேலே உள்ள ஏதாவதொன்று கிடைத்துவிட்டால் பழைய இடத்திற்குத் திரும்பவும் முடியாது. மூன்றாவது வாய்ப்பு கையில் எதுவுமில்லாமல் காத்திருப்பது. ஒதுக்கப்பட்ட இடத்தில் படிக்கவே மாட்டேன் என்று மாணவர் உறுதியாகச் சொன்னால் தவிர அதைத் தொடாதீர்கள். எதையும் தேர்ந்தெடுக்காமல் சும்மா இருந்துவிடுவதே எல்லாவற்றிலும் கெடுதலானது.

கல்லூரியைப் பற்றி எங்கே விசாரிப்பது

சாலையோரத் தட்டியில் சிரிக்கும் முகங்களும் அவற்றின் கீழே லட்சக்கணக்கான சம்பளமும் ஓரிரு மாணவர்களைப் பற்றியவை. வகுப்பில் நடுவரிசையில் உட்கார்ந்திருந்தவர் என்ன ஆனார் என்பதே நமக்கு வேண்டும். தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் அறிக்கை பெரும்பாலும் அவற்றின் சொந்த இணையதளத்திலேயே கிடைக்கும். குறித்த காலத்தில் தேர்ச்சி பெற்றவர் எத்தனை பேர், வேலைக்குச் சென்றவர் எத்தனை பேர், சம்பளத்தின் இடைநிலை எவ்வளவு என்ற விவரங்கள் அதில் இருக்கும். இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமும் வெளியிடுகிறது. தேர்வெழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறாத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்து என்ன பயன்? தொழிற்படிப்புகளின் தரத்திற்கு என்பிஏ என்ற தேசிய அமைப்பு தரும் அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தரப்படுவது என்பதால், கல்லூரிக்கு இருக்கிறது என்று சொன்னால் எந்தப் பிரிவுக்கு என்று கேளுங்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் பல விஷயங்கள் தெரிந்துவிடும்.

கலை அறிவியல் கல்லூரிகள்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கடந்த சில ஆண்டுகளாக ஐந்து கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கப் பதிவுக் கட்டணம் சேர்த்து 50 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப்பாட மதிப்பெண்ணும், பி.ஏ. ஆங்கிலத்திற்கு ஆங்கில மதிப்பெண்ணும், மற்றவற்றுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணும் தரவரிசைக்கு அடிப்படை. கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நேரில் நடக்கும். அழைக்கப்பட்ட நாளில் அசல் சான்றிதழ்களோடு நிற்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அரசுப் பணியைக் குறியாக வைத்திருக்கும் மாணவருக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தமிழ்வழியில் படித்தோருக்கு அரசுப் பணியில் உள்ள 20 விழுக்காடு முன்னுரிமை, 2020-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, பள்ளி முதல் அந்தப் பணிக்குரிய கல்வித்தகுதி வரை தமிழ்வழியிலேயே படித்தவருக்குத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டு, பட்டத்தை ஆங்கிலவழியில் முடிப்பவர் பட்டத்தகுதிப் பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறார். வேறு நன்மைகளுக்காக ஆங்கிலவழியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்று, புதுப்புதுப் பெயர்களில் வரும் பட்டங்கள் எல்லாமே வழக்கமான பட்டத்திற்கு இணையானவை என்று அரசாணை பெற்றவை அல்ல. சேருவதற்கு முன் கல்லூரியிடம் இணைத்தன்மை அரசாணையைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டணமும் கடனும்

சிறுபான்மை அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றன; மீதி கல்லூரியே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீடு. முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 விழுக்காட்டுச் சலுகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பொருந்தாது. மே மாதம் முழுக்க வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் இந்த மீதி இடங்களுக்காகவே. "இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க, நாளைக்கு சீட் இருக்காது" என்று அவசரப்படுத்துபவரிடம் கலந்தாய்வு முடியட்டும் என்று சொல்லிவிடலாம். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கட்டிய பணத்திற்கு ரசீது தர மறுக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் அடங்குவர். இதற்கு மாணவர் பெயரில் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை குடும்பத்தின் பங்காக முன்தொகை கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். வட்டி மட்டும் முதல் நாளிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் என்பதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் விலகலாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு எத்தனை நாள் முன்போ பின்போ விலகுகிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டிய பங்கும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. விலகல் கடிதத்தை வாயால் சொல்லாமல் எழுத்தாகக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள்.

ஏதேனும் ஒரு பாடத்தில் தவறியவரை இந்தப் பரபரப்பில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே நடக்கிறது, அதில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வும் உண்டு. முன்சுற்றுகளில் நிரம்பாத இடங்கள் அதில் கிடைக்கும். முடிவு வந்த அன்றே அவரைத் தேடிப்போய்ப் பார்த்து, துணைத் தேர்வு விண்ணப்பத்தின் கடைசித் தேதியைச் சொல்லி, பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அதைப் பதிவு செய்ய வைத்துவிடுங்கள். அந்த விண்ணப்பத்திற்கு மிகச் சில நாட்களே தருகிறார்கள்.